மாலை போடற இடத்துல நிக்குது

வேணாம் தம்பி, பையை மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா பஸ் ஓட்டத்துல ஆடும், ஆடினா உள்ள இருக்கற டிஸ்க்குக்கு ஆகாது. நீங்க ஜன்னல் பக்கம் தாராளமா உக்காருங்க. புதுக்கோட்டைதானே? நானும் புதுக்கோட்டைதான்.

நீங்க கம்ப்யூட்டர் லைன்தானே? பையைப் பார்த்ததுமே நெனச்சேன். இல்லையா? மருந்து கம்பெனியா? பரவாயில்ல, உங்களுக்கும் புரியற மாதிரியே சொல்றேன். இந்தப் பைக்குள்ள இருக்கறது எங்க வீட்டு சர்வர். ஆமா, சர்வர். ஆபீசுக்கெல்லாம் போனா, சர்வர் டவுனு, நாளைக்கு வாங்கன்னு அனுப்புவாங்கல்ல, அதே சர்வர்தான். என் வீட்டுல அது டவுன் ஆனதே கிடையாது. நானா நிறுத்தினாத்தான் உண்டு.

மணியா? பத்தே முக்கால். இந்த வாட்ச் தப்பாக் காட்டாது. சர்வீஸ்ல இருபத்தஞ்சு வருஷம் முடிச்சதுக்கு டெலிபோன் ஆபீஸ்ல போட்டது. தங்கக் கலரு இன்னும் போகல பாருங்க. சங்கிலி மட்டும் கொஞ்சம் லூசு, கையைத் தூக்கினா முழங்கை வரைக்கும் ஓடிரும். ஒரு கண்ணி எடுத்துரலாம்தான். எடுக்கல.

மச்சினன் வீட்டுக்குப் போறேன். செழியன்னு பேரு, மச்சுவாடியில இருக்கான். என் சம்சாரம் இப்ப அங்கதான் இருக்கா. சண்டையா? சேச்சே. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல தம்பி. நான் பேசுவேன், அவ கேட்டுக்குவா. அப்புறம் எப்படிச் சண்டை வரும்? சர்வர்ல ஒரு சின்னக் கோளாறு, அதுல கோவிச்சுக்கிட்டா, அவ்வளவுதான். கோளாறைச் சரி பண்ணி எடுத்துட்டுப் போறேன். அங்கயே மாட்டி, ஓடவிட்டுக் காட்டினா, அவளே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிருவா.

எப்படி ஆரம்பிச்சதுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சொல்றேன், கேளுங்க. ரிட்டயர் ஆன புதுசு. இன்டர்நெட்ல படம் காட்டற கம்பெனி ஒண்ணுக்கு மாசாமாசம் கட்டிட்டு இருந்தேன். ஒரு பழைய படம், ஞாயித்துக்கிழமை சாவகாசமாப் பார்க்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை டிவியப் போட்டா காணோம். எடுத்துட்டான். ஒரு வார்த்தை சொல்லல. என் வீட்டு ஹாலுக்குள்ள வந்து, என்னைக் கேக்காம, நான் பார்க்க வச்சிருந்ததை ஒருத்தன் எடுத்துட்டுப் போறான்னா என்ன அர்த்தம்? எனக்கு எரிச்சலா வந்துச்சு. கேக்காம எடுக்கறது மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நம்ம வீட்டுக்கு நாமளே ஸ்டேஷன் வச்சுக்கறது. பொண்ணு நிறைமதி காலேஜ்ல வச்சிருந்த லேப்டாப் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. ஸ்க்ரீன் உடைஞ்சது. சர்வருக்கு ஸ்க்ரீன் எதுக்கு? கிளி கொஞ்சவா? அதுல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டேன், அது இலவசம். யூட்யூப்ல ஒரு பையன் சொல்லித் தர்றான், அவன் பேசற வேகத்துக்கு நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் போட்டேன். அப்புறம்தான் டாக்கர்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது.

டாக்கர்னா கண்டெய்னர் தம்பி, கண்டெய்னர். கப்பல்ல வர்றது இல்ல. இருங்க, காட்டறேன். இந்தா, இந்த எவர்சில்வர் டப்பாவைப் பாருங்க. இதுல தயிர்சாதம் இருக்கு. மச்சினன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், அதுக்குத்தான் கட்டிட்டு வந்தேன், அது வேற கதை. இப்ப தயிர்சாதம் ஒரு டப்பா, புளிசாதம் ஒரு டப்பா. இதோட வாசனை அதுல ஒட்டாது, இது புளிச்சா அது புளிக்காது. அதே மாதிரி படம் காட்டற புரோகிராம் ஒரு டப்பாக்குள்ள, பாட்டுக்கு ஒரு டப்பா, போட்டோவுக்கு ஒரு டப்பா. ஒவ்வொண்ணுக்கும் வேண்டிய சாமானெல்லாம் அதது டப்பாக்குள்ளயே வந்துரும். புது வெர்ஷன் வந்தா பழைய டப்பாவை நிறுத்திட்டுப் புது டப்பா. எவ்வளவு சுத்தம் பாருங்க.

ஆனா ஒண்ணு. நம்ம பொருளை டப்பாக்குள்ள வைக்கக் கூடாது. நம்ம படம், நம்ம போட்டோ எல்லாம் வெளிய, அலமாரியில இருக்கணும். டப்பாவுலேருந்து அலமாரிக்கு ஒரு கதவு மட்டும் தொறந்து விடணும். அதுக்கு வால்யூம்னு பேரு. சத்தம் இல்ல தம்பி, இது வேற வால்யூம். டப்பாவை மாத்தினாலும் அலமாரி அப்படியே நிக்கும்ல, அதுக்கு.

எனக்கு முதல்ல அது தெரியாது. தெரியாதுன்னு சொல்ல முடியாது, அந்தப் பையன் சொல்லியிருப்பான், நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுட்டேன். வீட்டுல இருந்த சிடி எல்லாத்தையும், பொண்ணு கல்யாண வீடியோ முதக்கொண்டு, டப்பாக்குள்ளயே கொண்டுபோய் வச்சுட்டேன். புது வெர்ஷன் வந்துச்சு, புது டப்பா போட்டேன். டிவியில ஒண்ணுமே இல்ல. தொடச்சு வச்ச மாதிரி இருக்கு.

அடுப்படியிலேருந்து அரசி எட்டிப் பார்த்தா. அரசிதான் என் சம்சாரம், மங்கையர்க்கரசி. அவங்க அப்பா தமிழ் வாத்தியார், பிள்ளைங்களுக்கு அப்படித்தான் பேரு வச்சாரு. "எல்லாம் போயிருச்சாங்க?"ன்னா. "போகலம்மா, இடம் மாறியிருக்கு"ன்னேன். நடத்தறவன் தடுமாறினா பார்க்கறவங்களுக்கு நம்பிக்கை போயிரும்ல. சிடியெல்லாம் கையில இருந்ததால மறுபடி ஏத்திட்டேன், இந்தத் தடவை ஒழுங்கா அலமாரியில.

ஏத்தி முடிச்சதும் சிடியெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். "கல்யாண சிடிய மட்டும் வைங்களேன்"ன்னு அரசி பின்னாலயே வந்தா. "சிடி பூஞ்சை பூக்கும், சர்வர் பூக்குமா?"ன்னு கேட்டேன். அடுப்படிக்குத் திரும்பிப் போயிட்டா. நியாயமான கேள்விக்கு அவகிட்ட எப்பவுமே பதில் இருக்காது.

வீட்டுல ரெண்டே பேர்தான், ஆனாலும் ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் அட்மின். அவ பார்வையாளர். பார்க்கலாம், எதையும் அழிக்க முடியாது. பாஸ்வேர்டு என்கிட்ட. அவ மறந்துருவா.

இதுல ஒரு வசதி என்னன்னா, என் போன்லயே தெரியும், யாரு என்ன பார்க்கறாங்க, எங்க நிறுத்தியிருக்காங்கன்னு. நான் கடைத்தெருவுல கத்திரிக்காய் வாங்கிட்டே வீட்டுல என்ன ஓடுதுன்னு பார்ப்பேன். அங்கதான் அந்தக் கோளாறு என் கண்ணுல பட்டுச்சு.

மத்தியானம், நான் வெளிய போற நேரம். அரசி அக்கவுண்ட்ல கல்யாண வீடியோ ஓடும். ஓடிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிக்கும். மறுநாள் பார்த்தா மறுபடி அதே வீடியோ, அதே இடம். கொஞ்சம் பின்னாடி போகும், ஓடும், அதே இடத்துல நிக்கும். பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடற இடம். மணவறைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மாமன் மாலை போடுவாங்கல்ல, அங்க. அதைத் தாண்டி முகூர்த்தம் இருக்கு, ரிசப்ஷன் இருக்கு, எங்க கோட்டப் பொறியாளர் பத்மநாபன் சார் வாழ்த்திப் பேசறது இருக்கு. ஒரு நாளும் அது வரைக்கும் போகாது.

என்ன கோளாறுன்னு எனக்குப் பிடிபடல. ஃபைல் கெட்டுப்போச்சான்னு பார்த்தேன். ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தினேன். ஒயரை மாத்தினேன். லேப்டாப் வேற தோசைக்கல்லு மாதிரி சுடுது. இதுக்குன்னு ஒரு குழு இருக்கு தம்பி, உலகம் பூரா ஆளுங்க, அதுல இங்கிலீஷ்ல எழுதிப் போட்டேன். போலந்துலேருந்து ஒருத்தரு, பிரேசில்லேருந்து ஒருத்தரு, எவ்வளவு பொறுமையா பதில் எழுதினாங்கங்கறீங்க! வேணும்னா அதைப் பார், இதைப் பார்னு. தங்கமான மனுஷங்க. முகம் தெரியாதவங்ககிட்ட கேட்டா கெடைக்கற உதவி வீட்டுக்குள்ள கெடைக்காது.

அரசிகிட்டயா? அவகிட்ட என்னத்தைக் கேக்கறது? அவளுக்கு ஹெச்.டி.எம்.ஐ.ன்னா என்னன்னு தெரியாது.

இந்த இடத்துல மச்சினன் கதையைச் சொல்லணும். இல்லன்னா நீங்க என்னைத் தப்பா நெனச்சுருவீங்க. நிறைமதி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சோம். முன்பக்கம் சாமி, பெரியவங்க. உள்ள விவரம். பின்பக்கம் நல்வரவை நாடும் லிஸ்ட். எங்க ஆபீஸ்லயே அத்தனை பேரு, பத்மநாபன் சார் பேரைச் சின்ன எழுத்துல போட முடியுமா? தலைமைன்னு நடுவுல பெருசாப் போட்டோம். அச்சகத்துக்காரன் சொல்லிட்டான், இதுக்கு மேல ஒரு பேரு கூட ஏறாது, இடமில்லன்னு. சரி, செழியன் நம்ம வீட்டு ஆளுதானே, பேரு போட்டாத்தானா, எடுத்துரலாம்னு எடுத்துட்டேன். இடமில்ல தம்பி. நான் என்ன பண்ணுவேன்?

தாய்மாமன் பேரு இல்லாம பத்திரிகையான்னு ஊர்ல நாலு பேரு கேட்டிருக்காங்க. அவன் ஒண்ணும் கேக்கல. கல்யாணத்துக்கு வந்தான். தட்டுத் தட்டா சீர் கொண்டு வந்தான், மாலை போட்டான், பொண்ணு கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போனான். பந்திக்கு மட்டும் வரல. சாப்பிடாமப் போயிட்டான். கல்யாண வீட்டுல தாய்மாமன் சாப்பிடாமப் போனா அது எனக்கு எவ்வளவு அவமானம்? அதை அவன் யோசிச்சானா? அதுலேருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

அரசியை நான் தடுத்ததில்ல. அதையும் சொல்லிடறேன். உன் தம்பி வீட்டுக்குப் போகாதேன்னு ஒரு நாளும் என் வாயால சொன்னதில்ல. போறதுன்னா தாராளமாப் போ, அப்படியே அங்கயே இருந்துக்கோன்னு மட்டும்தான் சொன்னேன். அவளாத்தான் போகல.

சரி, சர்வருக்கு வர்றேன். டிஸ்க் நெறஞ்சு போச்சு. பாட்டு வேற கொஞ்சம் ஏத்தியிருந்தேன். இடம் இல்லன்னு செவப்புல காட்டுது. எதைக் குறைக்கலாம்னு பார்த்தா, பெரிய ஃபைலு அந்தக் கல்யாண வீடியோதான், கோளாறும் அதுலதான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. உக்காந்து வெட்டினேன். முகூர்த்தம், ரிசப்ஷன், சாரோட பேச்சு எல்லாம் வச்சேன். நிக்கற அந்த மாலை போடற பகுதியை முழுசா எடுத்துட்டேன். சின்ன ஃபைலா, கச்சிதமா வந்துச்சு. பழையதை அழிச்சுட்டேன்.

மறுநாள் மத்தியானம் நான் வெளிய போகல. சரியா ஓடுதான்னு கூடவே உக்காந்து பார்க்கலாம்னு இருந்தேன். நான் இருக்கறதால அவளுக்கு என்னமோ போல இருந்துச்சு. அப்புறம் போட்டா. ஓடுது, ஓடுது, நிறைமதி அலங்காரம் முடிஞ்சு வெளிய வர்றா, டக்குன்னு முகூர்த்தம். அவ ரிமோட்டை எடுத்துப் பின்னாடி தள்ளினா. மறுபடி முகூர்த்தம்.

"செழியன் மாலை போடறது எங்கங்க?"

"அங்கதாம்மா கோளாறு. எடுத்துட்டேன். இனிமே எங்கயும் நிக்காம ஓடும், பாரு."

"எடுத்துட்டீங்களா?"

"ஆமா. இடமும் இல்லல்ல."

இடமில்லையான்னு மட்டும் ஒரு தடவை திருப்பிச் சொன்னா, என்கிட்ட இல்ல, டிவியைப் பார்த்து. டிவியை அணைச்சா. சாயங்காலம் காபி போட்டுக் கொடுத்தா. டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு, பையை எடுத்துக்கிட்டு, "தம்பி வீட்டுக்குப் போறேன்"னா. நான் வழக்கமாச் சொல்றதைச் சொன்னேன். போ, அப்படியே இருந்துக்கோன்னேன். "சரிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

சரிங்கன்னு சொல்லுவான்னு நான் நினைக்கல தம்பி.

வீட்டுல எல்லாம் ஓடுது. பாட்டு ஓடுது, படம் ஓடுது, ஒரு கோளாறு இல்ல. போனை எடுத்துப் பார்த்தா யாரும் எதுவும் பார்க்கலைன்னு காட்டுது. கத்திரிக்காய் வாங்கறப்பப் பார்த்தாலும் அதேதான். யாருக்குக் கத்திரிக்காய் வாங்கறேன்னே தெரியல. எனக்கு அது பிடிக்கல. ரொம்பவே பிடிக்கல.

நடுவுல செழியன் போன் பண்ணினான். இத்தனை வருஷம் கழிச்சு. "அத்தான், அக்கா நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க. நீங்களும் வாங்க, வந்து சாப்பிடுங்க"ன்னான். நான் சாப்பாட்டைப் பத்திக் கேட்டேனா? எதுக்கு முதல் பேச்சே சாப்பாடு? குத்தறான்னு தெரிஞ்சுது. பார்க்கலாம்னு வச்சுட்டேன்.

அப்புறம்தான் நடந்துச்சு அது. மறுபடியும் இடமில்லன்னு செவப்பு. ஓடாம நிக்கற பழைய டப்பாக்களை எல்லாம் மொத்தமா வாரிக் கொட்டறதுக்கு ஒரு கட்டளை இருக்கு. அதை அடிச்சுட்டேன், என்டர் பொத்தானை இன்னும் அமுக்கல. எந்த டப்பா எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு சும்மா ஒரு தடவை பார்ப்போமேன்னு பார்த்தேன். ஒரு பழைய டப்பா மட்டும் மத்ததை விட எத்தனையோ மடங்கு கனமா இருக்கு. இதுக்குள்ள என்ன இருக்கப் போகுதுன்னு தொறந்து பார்த்தா, முதல் முதல்ல நான் தெரியாம உள்ள வச்சேன்ல, அந்தக் கல்யாணம். முழுசு. மாலையோட. நான் நிறுத்தினேனே தவிர அந்த டப்பாவை அழிக்கவே இல்ல. பொத்தானை அமுக்கியிருந்தேன்னா போயிருக்கும்.

உடனே எடுத்து அலமாரியில வச்சேன், இன்னொரு டிஸ்க்குல ஒரு காப்பி, பென் டிரைவ்ல ஒரு காப்பி. என் பாட்டெல்லாம் அழிச்சு இடம் பண்ணினேன்.

ஆனா கோளாறு இன்னும் கோளாறுதான். அதனால அந்த மாலை போடற இடத்தை நானே போட்டுப் பார்த்தேன். எங்கயும் நிக்கல. ஒரு புள்ளி கூட உடையல. சுத்தமா ஓடுது. ஒரு தடவை இல்ல, பல தடவை பார்த்துட்டேன். அப்புறம் ஏன் அவளுக்கு மட்டும் அங்க நிக்குது?

என்ன சொன்னீங்க? அவங்களே நிறுத்தியிருப்பாங்களா? அவளே எதுக்கு நிறுத்தணும்?

அப்படி ஒண்ணும் பெருசா இல்ல தம்பி அதுல. சொல்றேன், கேளுங்க. செழியன் மாலையை ரெண்டு கையில பிடிச்சுட்டு வர்றான். அழுதுகிட்டே சிரிக்கறான். போடறான். நிறைமதி அவன் காலைத் தொடக் குனியறா. பின்னாடி அரசி நிக்கறா, அவ முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பை வீட்டுல பார்த்ததா ஞாபகம் இல்ல. அக்காளும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. அவ்வளவுதான். அதுக்குள்ள பத்மநாபன் சார் வந்துட்டாரு போல, சைடுலேருந்து ஒரு கை வருது, முழங்கைகிட்ட தங்கக் கலர்ல என்னமோ மின்னுது. யாருன்னு தெரியல, முகம் ஃப்ரேம்ல இல்ல. போட்டோக்காரனோட ஆளா இருக்கும். வந்து செழியனைத் தோள்ல தொட்டு, இந்தா, இப்படி, ஒதுங்குங்க ஒதுங்குங்கன்னு, இப்படிக் கையைத் தூக்கி ஓரமா...

என்ன தம்பி, என் கையவே பார்க்கறீங்க?

வாட்சா. ஆமா, ஓடிரும். சொன்னேன்ல. கையைத் தூக்கினா முழங்கை வரைக்கும்...

...

கீரனூர் தாண்டிட்டோமா? சத்தமே இல்லாம வந்துட்டான் இந்த டிரைவர்.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம். என்கிட்டயே இருக்கு.

கையைக் கொஞ்சம் பிடிங்க தம்பி, இந்த வாட்சைக் கழட்டிக்கறேன். கொக்கி மாட்டிக்குது. ஆங். பைக்குள்ளயே கெடக்கட்டும்.

நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க? ஓட்டல்லயா? வெயில்ல அலையறவங்க கண்டதையும் சாப்பிடாதீங்க. இந்தாங்க, இந்தத் தயிர்சாதத்தை வச்சுக்கங்க. அட, பிடிங்க. டப்பாவைத் திருப்பித் தரணும்னு இல்ல. இதைச் சாப்பிட்டுட்டுப் போனா அங்க இறங்காது. அவன் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டிருக்கான்ல.